ஐந்து குவாட்டர்பேக், ஒரே ஒரு தேர்வு: 2018 டிராஃப்டை வைத்து ஓர் ஒப்பீடு

2018 ஏப்ரல் 26 அன்று டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் நடந்த என்.எஃப்.எல். டிராஃப்டின் (அமெரிக்கக் கால்பந்து லீகின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்ச்சி) முதல் சுற்றில் ஐந்து குவாட்டர்பேக்குகள் (பந்தை வாங்கி எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள்) போனார்கள். முதல் ஆளாக பேக்கர் மேஃபீல்ட், கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்கு. மூன்றாவது சாம் டார்னல்ட், நியூயார்க் ஜெட்ஸுக்கு. ஏழாவது ஜாஷ் ஆலன், பஃபலோ பில்ஸுக்கு. பத்தாவது ஜாஷ் ரோசன், அரிசோனா கார்டினல்ஸுக்கு. சுற்றின் கடைசி இடமான 32-இல் லமார் ஜாக்சன், பால்டிமோர் ரேவன்ஸுக்கு.

இந்த ஐவரில் எம்.வி.பி. (லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்கியவர்கள் இருவர்: 2019-லும் 2023-லும் ஜாக்சன், 2024-இல் ஆலன். மேஃபீல்டும் டார்னல்டும் தங்கள் நான்காவது அணிக்குப் போன பிறகுதான் நிலைபெற்றார்கள். அன்று ஐவரில் ‘நாளைக்கே களத்தில் இறக்கலாம்’ என்று பலரும் சொன்ன ரோசன், எந்த அணியிலும் நிலையான இடம் பிடிக்காமலே போனார்.

கல்லூரி குவாட்டர்பேக்கை எடைபோடப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. குள்ளமானவர், வயது குறைந்தவர், கை பலம் மட்டும் உள்ளவர், அச்சில் வார்த்தது போல எறிபவர், ஓடுபவர் என்று எல்லா வகையும் ஒரே ஆண்டில் வந்து நின்றன. ஐவரிடமும் குறை இருந்தது. அதனால் ‘யார் சிறந்தவர்’ என்று வரிசை போடுவதில் அணிக்குப் பெரிய லாபமில்லை. எந்தக் குறையை நம் பயிற்சியாளர்களால் சரிசெய்ய முடியும், எந்தக் குறையோடு மூன்று வருடம் குடித்தனம் நடத்த முடியும், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் கணக்கு.

முதலில் எண்கள். எல்லாம் 2017 பருவத்தின் பாஸ் கணக்கும் 2018 கம்பைன் (டிராஃப்டுக்கு முன் நடக்கும் சோதனை முகாம்) அளவுகளும். சதவீதம் என்பது எறிந்த பாஸ்களில் பிடிக்கப்பட்டவை, டச் டவுன் என்பது எதிரணி எல்லையை எட்டிப் புள்ளி எடுத்தது, இன்டர்செப்ஷன் என்பது எதிரணி பிடித்தது.

மேஃபீல்ட் (ஓக்லஹோமா): வயது 23, உயரம் 6 அடி 5/8 அங்குலம், எடை 215 பவுண்டு, கையளவு 9¼ அங்குலம், 70.5 சதவீதம், 4,627 யார்டு, 43 டச் டவுன், 6 இன்டர்செப்ஷன்.
டார்னல்ட் (யு.எஸ்.சி.): வயது 20, 6 அடி 3⅜, 221 பவுண்டு, 9⅜, 63.1 சதவீதம், 4,143 யார்டு, 26 டச் டவுன், 13 இன்டர்செப்ஷன்.
ஆலன் (வயோமிங்): வயது 21, 6 அடி 4⅞, 237 பவுண்டு, 10⅛, 56.3 சதவீதம், 1,812 யார்டு, 16 டச் டவுன், 6 இன்டர்செப்ஷன்.
ரோசன் (யு.சி.எல்.ஏ.): வயது 21, 6 அடி 4, 226 பவுண்டு, 9⅞; 62.6 சதவீதம், 3,756 யார்டு, 26 டச் டவுன், 10 இன்டர்செப்ஷன்.
ஜாக்சன் (லூயிவில்): வயது 21, 6 அடி 2¼, 216 பவுண்டு, 9½; 59.1 சதவீதம், 3,660 யார்டு, 27 டச் டவுன், 10 இன்டர்செப்ஷன். இதற்கு மேல் ஓட்டத்தில் 1,601 யார்டு, 18 டச் டவுன்.

இந்தப் பட்டியலை மட்டும் பார்த்துத் தேர்வு செய்தால் மேஃபீல்ட் முதலிடம், ஆலன் கடைசி. கல்லூரி எண்களை உடைக்காமல் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு அதுவே போதும்.

எண்ணை உடைப்பது எப்படி

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது குவாட்டர்பேக் விஷயத்தில் செல்லாது. ஒரு ஆட்டத்தின் சிறப்புக் காட்சிகளைப் பார்த்தால் ஐவருமே மேதைகள். குறைந்தது எட்டு முழு ஆட்டங்களாவது பார்க்க வேண்டும். அந்த எட்டையும் விருப்பத்துக்கு எடுக்காமல் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: அந்த ஆண்டு எதிர்கொண்டவற்றில் வலுவான மூன்று டிஃபென்ஸுகள் (தடுப்பு அணிகள்), அவருடைய மிக மோசமான ஆட்டம் ஒன்று, மழையிலோ பலத்த காற்றிலோ ஆடியது ஒன்று, அணி பின்தங்கி நின்று பாஸையே நம்பவேண்டி வந்தது ஒன்று, முந்தைய ஆண்டிலிருந்து இரண்டு. 22 ஆட்டக்காரர்களும் தெரியும் மேல்கோணப் பதிவுதான் வேண்டும். தொலைக்காட்சிக் கோணத்தில் ரிசீவர்கள் (பாஸைப் பிடிப்பவர்கள்) சட்டகத்தைவிட்டு வெளியே போய்விடுவார்கள். யார் காலியாக நின்றார், யாரைப் பார்க்காமல் விட்டார் என்பது அதில் தெரியவே தெரியாது.

பிறகு ஒவ்வொரு பாஸையும் குறிக்க வேண்டும். ஸ்க்ரிமேஜ் கோட்டுக்கு (பந்து வைக்கப்பட்டிருக்கும் தொடக்கக் கோடு) பின்னால் பிடிக்கப்படும் ஸ்கிரீன் பாஸ்களை நீக்குங்கள். கடிகாரத்தை நிறுத்தத் தரையில் அடித்ததையும், வேண்டுமென்றே வெளியே வீசியதையும், அரைநேர முடிவில் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போட்டதையும் நீக்குங்கள். ரிசீவர் கையில் பட்டு விழுந்ததைப் பிடித்ததாகவே எழுதுங்கள். மிஞ்சுவதை நான்காகப் பிரியுங்கள்: பாக்கெட் (முன்வரிசை லைன்காரர்கள் அவரைச் சுற்றி அமைக்கும் பாதுகாப்பு வளையம்) சுத்தமாக இருந்தபோது எறிந்தது, நெருக்கடியில் எறிந்தது, மூன்றாம் டவுனில் (10 யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 7 யார்டுக்கு மேல் தேவைப்பட்டபோது எறிந்தது, 20 யார்டைத் தாண்டி எறிந்தது. நெருக்கடி வந்த எறிமுயற்சிகளில் எத்தனை சாக்கில் (எறியும் முன்பே வீழ்த்தப்படுவது) முடிந்தன என்பதைத் தனியாக எழுதுங்கள். அது 20 சதவீதத்தைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும். கல்லூரியில் சாக் வாங்கும் பழக்கம் பெரும்பாலும் கூடவே வரும், ஏனென்றால் அது லைனின் குறையைவிடப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கும் பழக்கத்தால் வருவது.

பலர் மறக்கும் விஷயம் ஹாஷ் கோடுகள். ஒவ்வொரு முறையும் பந்து இவற்றின் மேலோ இவற்றுக்கு இடையிலோதான் வைக்கப்படும். கல்லூரி மைதானத்தில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே 40 அடி. என்.எஃப்.எல்.-இல் 18 அடி 6 அங்குலம்தான். மைதானத்தின் அகலம் இரண்டிலும் 160 அடி. கல்லூரியில் பந்து இடது ஹாஷில் இருந்தால் வலது பக்கக் கோடு 100 அடி, அதாவது 33 யார்டு தள்ளி இருக்கிறது. அங்கே 15 யார்டு ‘அவுட்’ ரூட்டுக்கு (ரிசீவர் நேரே ஓடிப் பக்கக் கோட்டை நோக்கித் திரும்புவது) எறிய, பின்வாங்கிய தூரத்தையும் சேர்த்தால், பந்து காற்றில் ஏறத்தாழ 36 யார்டு போக வேண்டும். 2.5 விநாடிக்குள் கையைவிட்டுப் புறப்பட வேண்டும். இந்த எறியை ஒருவர் அடிக்கடி முயல்கிறாரா, இல்லை அவருடைய பயிற்சியாளர் ஆட்டத் திட்டத்திலேயே அதைத் தவிர்க்கிறாரா என்று பார்த்தால் கை பலத்தைப் பற்றிய பாதி விவாதம் தீர்ந்துவிடும். கம்பைனில் ராடாரை வைத்து அளக்கும் வேகம் மீதிப் பாதிக்குக்கூட உதவாது. எதிரே ஆளில்லாத இடத்தில் அளப்பது அது.

ஓட்டக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. கல்லூரி விதிப்படி சாக்கில் இழந்த யார்டுகள் குவாட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கில் கழிக்கப்படும். என்.எஃப்.எல்.-இல் அது அணியின் பாஸ் கணக்கில் கழியும். ஜாக்சனின் 1,601 யார்டு கழிவுக்குப் பிறகு மிஞ்சியது என்று தெரிந்து படித்தால்தான் அதன் கனம் புரியும்.

ஆலன்: எல்லோரும் தப்பாகப் படிக்கும் பாடம்

ஆலனை எதிர்த்தவர்களிடம் வலுவான வாதம் இருந்தது. கல்லூரி வாழ்க்கை முழுவதற்கும் 56.2 சதவீதம். 2017-இல் பெரிய டிஃபென்ஸ்களுக்கு எதிரே ஆடியதைப் பாருங்கள்: ஐயோவாவுக்கு எதிராக 40-க்கு 23, 174 யார்டு, 2 இன்டர்செப்ஷன். ஓரிகனுக்கு எதிராக 24-க்கு 9, 64 யார்டு, 1 இன்டர்செப்ஷன். இரண்டையும் கூட்டினால் 64 பாஸில் 32, ஒரு டச் டவுன் கூட இல்லை. எந்த அளவுகோலை வைத்தாலும் இது முதல் சுற்று எண் ஆகாது.

ஆதரித்தவர்கள் சொன்னது: 2016 முடிந்ததும் அந்த அணியின் முக்கிய ஓட்டக்காரர், முதன்மை ரிசீவர், டைட் எண்ட் (லைன் ஓரத்தில் நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்), சென்டர் (பந்தைப் பின்னால் கொடுப்பவர்) எல்லோரும் போய்விட்டார்கள். வயோமிங்கின் ஆட்டமுறை எளிய குட்டைப் பாஸ்களை அள்ளிக் கொடுப்பதில்லை. சென்டருக்குப் பின்னால் நின்று பந்து வாங்கி, பின்வாங்கி, தூரம் எறியும் முறை அது. சதவீதம் குறையத்தான் செய்யும். இது பாதி உண்மை. ஆனால் பாக்கெட் சுத்தமாக இருந்து ரிசீவர் காலியாக நின்றபோதும் பந்து தலைக்கு மேல் போனதை இந்த வாதம் விளக்காது.

அதை விளக்குவது காலடி. ஆலனின் முன்கால் எறியும்போது மிக நீளமாக எட்டிவைத்து முட்டி விறைத்துவிடும். இடுப்பு முழுதாகத் திரும்பாது. மிச்சம் எல்லாவற்றையும் கையே செய்யும். கை பலசாலி என்பதால் பந்து போய்ச் சேரும், ஆனால் எங்கே என்பது ஒவ்வொரு முறையும் மாறும். 6 யார்டு எறிக்கும் 40 யார்டு எறிக்கும் ஒரே விசை. ஸ்கவுட் அறிக்கையில் ‘துல்லியம் குறைவு’ என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம். துல்லியம் எதனால் குறைகிறது என்று எழுதுவதற்குத்தான் சம்பளம். காரணம் காலில் இருந்தால் திருத்த வழி உண்டு. கண்ணில் இருந்தால், அதாவது காலியான ஆளையே தாமதமாகப் பார்த்தால், வழி மிகக் குறைவு.

பஃபலோ செய்ததையும் பார்க்க வேண்டும். முதல் வருடம் 52.8 சதவீதம், இரண்டாம் வருடம் 58.8, மூன்றாம் வருடம் 69.2. இடையில் நடந்தவை: காலடியையும் இடுப்பையும் தனிப்பயிற்சியில் மாற்றினார். பிரையன் டேபால் என்ற ஒரே தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் 2018 முதல் 2021 வரை நீடித்தார். 2019-இல் சென்டராக மிட்ச் மோர்ஸ், ரிசீவர்களாக ஜான் பிரவுனும் கோல் பீஸ்லியும் வந்தார்கள். 2020 மார்ச்சில் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ். திருந்தும்வரை ஆட்டத்தைத் தாக்குப்பிடிக்க அவருடைய ஓட்டம் உதவியது: முதல் பருவத்தில் 631 யார்டு, 8 டச் டவுன். ஓடத் தெரியாதவராக இருந்திருந்தால் அந்த 52.8 சதவீதத்தோடு பொறுமை எத்தனை மாதம் இருந்திருக்கும் என்பது கேள்வி.

இதற்குப் பிறகு உயரமும் கை பலமும் உள்ள ஒவ்வொருவரையும் ‘அடுத்த ஆலன்’ என்று விற்கும் வியாபாரம் தொடங்கியது. கணக்கு அவர்களுக்கு எதிரானது. 2011-இல் எட்டாவதாகப் போன ஜேக் லாக்கரின் கல்லூரிச் சதவீதம் 54-க்குக் கிட்ட. 2016-இல் இரண்டாம் சுற்றில் போன கிறிஸ்டியன் ஹாக்கன்பெர்க் ஒரு லீக் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. 2023-இல் நான்காவதாகப் போன ஆன்டனி ரிச்சர்ட்சன் கல்லூரியில் 54.7, அதுவும் 13 ஆட்டங்களை மட்டுமே தொடங்கிய அனுபவத்தோடு. 2024-இல் என்.எஃப்.எல்.-இல் அவர் எறிந்தது 47.7 சதவீதம். ஆலன் விதிவிலக்கு. விதிவிலக்கை நம்பி வாங்குவதானால் விதிவிலக்குக்குத் தேவைப்பட்ட ஏற்பாடுகளையும் சேர்த்து வாங்க வேண்டும்.

ஜாக்சன்: கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது

2016-இல் ஹைஸ்மன் விருது (கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கானது), 3,543 பாஸ் யார்டு, 1,571 ஓட்ட யார்டு, மொத்தம் 51 டச் டவுன். அடுத்த ஆண்டும் ஏறக்குறைய அதே அளவு. ஆனாலும் 2018 தொடக்கத்தில் அவரைப் பற்றிய பேச்சு ‘ரிசீவராக மாற்றலாமா’ என்பதில் சிக்கிக்கொண்டது. அவர் கம்பைனில் 40 யார்டு ஓட மறுத்தார். சரியான முடிவுதான். ஓடியிருந்தால் அந்த நேரத்தை வைத்தே ரிசீவர் பேச்சை நீட்டியிருப்பார்கள்.

படத்தில் இருந்தது வேறு. லூயிவில் பயிற்சியாளர் பாபி பெட்ரினோவின் ஆட்டமுறை பாக்கெட்டில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று ரிசீவர்களை வரிசையாகப் படிக்கச் சொல்லும் முறை. கல்லூரியில் பலருக்கு ஒரே ஒரு பார்வை, இல்லாவிட்டால் ஓட்டம் என்றிருந்தபோது இவர் மைதானத்தின் நடுவில், லைன்பேக்கருக்கு (இரண்டாம் வரிசைத் தடுப்பாளர்) பின்னால் சேஃப்டிக்கு (கடைசி வரிசைத் தடுப்பாளர்) முன்னால், நேரம் தப்பாமல் எறிந்துகொண்டிருந்தார். அந்த நடுப்பகுதி எறிதான் என்.எஃப்.எல்.-இல் சோறு போடும்.

குறை எங்கே? வெளிக்கோட்டுப் பக்கம். எறியும்போது இரண்டு கால்களும் மிக நெருக்கமாக இருக்கும், தோள் அளவு விரிவுகூடக் கிடையாது. அடித்தளம் குறுகினால் உடல் நிமிர்ந்து பந்து மேலே ஏறும். பக்கவாட்டு எறிகளில் அது ரிசீவரைத் தாண்டிப் போய்விடும். பெரிய ஆட்டங்களில் இது அம்பலமானது: 2016 டிசம்பர் 31-இல் எல்.எஸ்.யு.வுக்கு எதிரான சிட்ரஸ் பௌலில் (பருவ முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம்) 27-க்கு 10, 8 சாக். 2017 டிசம்பர் 30-இல் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக 31-க்கு 13, நான்கு இன்டர்செப்ஷன். அந்தக் கடைசி ஆட்டத்திலும் 158 யார்டு ஓடினார். இப்போது ஆலனின் ஐயோவா, ஓரிகன் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வகைக் குறை, ஒரே இடத்தில், காலடியில். ஒருவருக்கு ‘திருத்தலாம்’ என்றும் இன்னொருவருக்கு ‘குவாட்டர்பேக்கே இல்லை’ என்றும் எழுதியவர்கள் உடல் அளவையும் பழைய எண்ணத்தையும்தான் எடைபோட்டார்கள். கறுப்பின குவாட்டர்பேக்குகளை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லும் வழக்கத்துக்கு அந்த லீகில் நீண்ட வரலாறு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜாக்சனை எடுக்கும் அணி ஒன்றை முன்பே முடிவு செய்ய வேண்டும்: நம் ஆட்டமுறையை அவருக்காக மாற்றுவோமா? பால்டிமோர் மாற்றியது. 2018-இன் நடுவில் அதுவரை ஆடிய ஜோ ஃபிளாக்கோவுக்குப் பதிலாக இறக்கியது, ஏழில் ஆறு வெற்றி. 2019-இல் கிரெக் ரோமனை ஒருங்கிணைப்பாளராக உயர்த்தி, டைட் எண்ட்களை மையமாக வைத்து ஓட்டத்திலிருந்து பாஸை விரித்தது. 36 டச் டவுன் பாஸ், 1,206 ஓட்ட யார்டு, ஒரு வாக்குகூடப் பிரியாமல் எம்.வி.பி. பழைய ஆட்டக் கையேட்டை வைத்துக்கொண்டு அவரை அதற்குள் திணிக்கும் அணி என்றால் எடுக்காமல் இருப்பதே மேல்.

மேஃபீல்ட்

இவரைப் பற்றிய சந்தேகங்கள் மூன்று: உயரம், ஓக்லஹோமாவின் விரிந்த ஆட்டமுறை, நடத்தை. உயரத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. லைன்காரர்களுக்கு இடையே உள்ள சந்துகளில் எறியக் கற்றவர், கையிலிருந்து பந்து சீக்கிரம் போகும். 2017-இல் முயற்சி ஒன்றுக்கு 11.5 யார்டு என்பது குட்டைப் பாஸ்களால் ஊதிய சதவீதமில்லை என்பதைக் காட்டிவிடும். நடத்தை விஷயத்தில் 2017 பிப்ரவரியில் ஆர்கன்சாவில் ஒரு கைது, ஒஹையோ ஸ்டேட் மைதானத்தில் கொடி நட்டது, கேன்சஸ் ஆட்டத்தில் ஆபாசச் சைகை. இதில் முதலாவதைத்தான் விசாரிக்க வேண்டும். மற்ற இரண்டும் ஆட்டச் சூடு.

கவலைப்பட வேண்டியிருந்த விஷயத்தைப் பலர் எழுதவில்லை. ஓக்லஹோமா லைன் அவருக்குத் தாராளமாக நேரம் கொடுத்தது. அதனால் முதல் பார்வை கிடைக்காதபோது பின்னாலும் வலப்பக்கமாகவும் நழுவி, ஆட்டத்தை நீட்டும் பழக்கம் ஊறிவிட்டது. கல்லூரியில் அது அழகு. என்.எஃப்.எல்.-இல் வலப்பக்க முனை வீரர் அங்கேயே காத்திருப்பார். படத்தில் இதைப் பிடிக்க ஒரு வழி: பாக்கெட் உடையாமலே அவர் வெளியேறிய தடவைகளை மட்டும் எண்ணுங்கள். இந்த எண் அதிகமுள்ளவர்களுக்கு ப்ளே ஆக்‌ஷன் (ஓட்டம் போலக் காட்டிவிட்டு எறிவது) நிறைய உள்ள, வெளியே உருண்டு எறியும் ஆட்டமுறை பொருந்தும். பயிற்சியாளர் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி 2020-இல் அதைக் கொடுத்தார், பிளே ஆஃபில் பிட்ஸ்பர்க்கை வீழ்த்தினார்கள். 2021-இல் தோள் கிழிந்தும் ஆடிக்கொண்டே இருந்ததில் எல்லாம் சரிந்தது. பின்னர் டாம்பா பேயில் 2024-இல் 4,500 யார்டு, 41 டச் டவுன். திறமையை எடைபோட்டதில் கிளீவ்லாந்து தவறவில்லை. முதல் இரண்டு பருவத்துக்குள் இரண்டு தலைமைப் பயிற்சியாளர்களை மாற்றியது வேறு கதை.

டார்னல்ட்

வயது 20. அதுதான் இவருடைய விலை. 2017 ஜனவரி ரோஸ் பௌலில் பென் ஸ்டேட்டுக்கு எதிராக 453 யார்டு, 5 டச் டவுன், 52–49. அந்த ஓர் இரவுக்குப் பிறகு ஓர் ஆண்டு முழுவதும் அவரை முதல் இடத்துக்கே பேசினார்கள். 2017 பருவம் அந்தப் பேச்சுக்குச் சரியாக ஈடுகொடுக்கவில்லை.

கையசைவைப் படத்தில் நிதான வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். பந்தை மார்பளவில் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். எறிய முடிவெடுத்ததும் இடக்கை விலகுகிறது, பந்து இடுப்புக்குக் கீழே இறங்கி, பின்னால் வட்டமடித்து, அதற்குப் பிறகே காதருகே வருகிறது. அந்த வட்டத்தில் போகும் நேரம் விநாடியில் சிறு பகுதிதான். ஆனால் அந்த நேரம் முழுக்கப் பந்து ஒற்றைக் கையில், உடலுக்கு வெளியே. பின்னாலிருந்து வருபவர் தட்டினால் போதும். ஃபம்பிள்கள் (பந்து கைநழுவுவது) அதனால்தான். 9⅜ அங்குலக் கை அதற்கு உதவாது. கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை விரித்து அளப்பது அது. 9-க்குக் கீழே போனால் அணிகள் முகம் சுளிக்கும், இவர் கொஞ்சம் மேலே.

இன்டர்செப்ஷன்கள் 13-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு வகை திரும்பத் திரும்ப வரும்: லைன்பேக்கர் நடுவில் பதுங்கி நிற்பதை ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைக் கொடுக்கும் நொடி) பிறகு கவனிக்காமல் எறிவது. இது அனுபவக் குறை, வயதோடு தேறக் கூடியது. ஆனால் தேறுவதற்குள் அவரைக் காக்கும் அணி வேண்டும். ஜெட்ஸ் முதல் ஆட்டத்திலிருந்தே இறக்கியது, 17 டச் டவுனுக்கு 15 இன்டர்செப்ஷன், அடுத்த ஆண்டே பயிற்சியாளர் மாற்றம். 2024-இல் மினசோட்டாவில் பயிற்சியாளர் கெவின் ஓகானல் கையில், நல்ல ரிசீவர்களோடு, 35 டச் டவுன், 14 வெற்றி 3 தோல்வி. 20 வயதுக்காரரை எடுப்பதானால் ஓர் ஆண்டு உட்காரவைக்கும் துணிவு இருக்க வேண்டும். மூன்றாவது தேர்வைக் கொடுத்துவிட்டு உட்காரவைக்க எந்த உரிமையாளருக்கும் மனம் வராது என்பதுதான் நடைமுறைச் சிக்கல்.

ரோசன்

பயிற்சிப் புத்தகத்துக்குப் படம் எடுக்கலாம் போன்ற எறிமுறை. தவறு அதை மட்டும் எடைபோட்டதில். நெருக்கடி வந்தால் நகர்ந்து தப்பிக்கும் வழி அவரிடம் இல்லை. 2016-இல் தோள் காயம், 2017-இல் இரண்டு கன்கஷன் (மூளை அதிர்ச்சி). சரியாகச் செய்வதை மட்டும் செய்பவருக்குச் சுற்றியுள்ள எல்லாமும் சரியாக அமைய வேண்டும். அரிசோனாவில் லைன் ஓட்டை, ஒருங்கிணைப்பாளர் பருவத்தின் நடுவிலேயே நீக்கம், 3–13 முடிவில் தலைமைப் பயிற்சியாளரும் நீக்கம். 45 சாக், 55.2 சதவீதம், 11 டச் டவுன், 14 இன்டர்செப்ஷன். அடுத்த டிராஃப்டில் அந்த அணி கைலர் மர்ரியை முதலாவதாக எடுத்துவிட்டு, இவரை மயாமிக்கு 62-ஆவது தேர்வுக்கும் 2020-இன் ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கும் தள்ளிவிட்டது. பத்தாவது தேர்வு ஓராண்டில் 62-க்கு இறங்கியது.

நேர்காணலும் உடல் பரிசோதனையும்

2018 கம்பைனில் ஓர் அணிக்கு 60 நேர்காணல், ஒவ்வொன்றும் 15 நிமிடம். அந்தக் கால்மணி நேரத்தைக் குடும்பக் கதையில் செலவழிப்பது வீண். முதல் மூன்று நிமிடத்தில் உங்கள் ஆட்டத் திட்டத்திலிருந்து இரண்டு ஆட்டங்களை (ப்ளே) அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்: பெயர், அமைப்பு, பாதுகாப்பு அழைப்பு, பார்வை வரிசை. அடுத்து அவருடைய மோசமான மூன்று இன்டர்செப்ஷன்களை ஓடவிட்டு விளக்கம் கேளுங்கள். ரிசீவரையோ லைனையோ குறை சொல்கிறாரா, தான் பார்த்தது என்ன என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். கடைசி மூன்று நிமிடத்தில் முதலில் சொன்ன இரண்டு ஆட்டங்களைப் பலகையில் வரையச் சொல்லுங்கள். பெயர் மட்டும் நினைவிருந்து பாதுகாப்பு அழைப்பு மறந்திருந்தால் அது குறிப்பில் ஏற வேண்டும். வொண்டர்லிக் அறிவுத்திறன் தேர்வு, 12 நிமிடத்தில் 50 கேள்வி, இதில் கால்பங்கு கூடச் சொல்லாது. 2022-இல் கம்பைனிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

பயிற்சியாளர் பில் பார்செல்ஸ் பெயரில் வழங்கும் பழைய வடிகட்டி ஒன்று உண்டு: நான்காம் ஆண்டு மாணவராக, பட்டம் பெற்றவராக, மூன்றாண்டு தொடக்க ஆட்டக்காரராக, 23 வெற்றிகளோடு இருக்க வேண்டும். 2018-இல் ஐவரில் அதைத் தாண்டுபவர் மேஃபீல்ட் மட்டும். எம்.வி.பி. வாங்கிய இருவரும் வடிகட்டியில் தங்கியிருப்பார்கள்.

விலை

பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் டாலஸ் அணியில் உருவான தேர்வு மதிப்பு அட்டவணையை இன்றும் பேரத்தின் தொடக்கப் புள்ளியாக வைக்கிறார்கள். முதல் தேர்வு 3,000 புள்ளி, மூன்றாவது 2,200, ஏழாவது 1,500, பத்தாவது 1,300, 32-ஆவது 590.

ஜெட்ஸ் 6, 37, 49-ஆவது தேர்வுகளோடு 2019-இன் இரண்டாம் சுற்றையும் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு ஏறியது. முதல் மூன்றுமே 1,600 + 530 + 410 = 2,540. அதுவும் மார்ச் மாதத்திலேயே, யார் மிஞ்சுவார் என்று தெரியாமல். பஃபலோ 12, 53, 56-ஐக் கொடுத்தது: 1,200 + 370 + 340 = 1,910, கிடைத்தது 1,500-ம் கடைசிச் சுற்றுத் தேர்வு ஒன்றும். நானூறு புள்ளி அதிகம். பஃபலோ அதை டிராஃப்ட் இரவில், எந்த ஆளுக்கு என்று தெரிந்து கொடுத்தது. அதிக விலை கொடுப்பதானால் ஆளைப் பார்த்துக் கொடுப்பது, இடத்தைப் பார்த்துக் கொடுப்பதைவிட மேல். அரிசோனா 15, 79, 152 கொடுத்துப் பத்தாவதை வாங்கியது, அட்டவணைப்படி கச்சிதமான பேரம். கச்சிதமான பேரத்தில் தவறான ஆள்.

பால்டிமோர் 25-ஆவது இடத்தில் ஒரு டைட் எண்டை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு 52, 125, 2019-இன் இரண்டாம் சுற்று ஆகியவற்றைப் பிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து 32-க்கு ஏறியது. 33-ஆவது இடம் வரை காத்திருந்தால் என்ன? முதல் சுற்று ஒப்பந்தத்தில் மட்டுமே ஐந்தாம் ஆண்டு விருப்பம் (அணி விரும்பினால் ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டும் உரிமை) உண்டு. இரண்டாம் சுற்றில் நான்கு ஆண்டோடு முடியும். வளர நேரம் தேவைப்படும் குவாட்டர்பேக்குக்கு அந்த ஐந்தாம் ஆண்டு பெரிய சொத்து. 32-ஆவது இடத்தின் நான்காண்டு ஒப்பந்தம் 95 லட்சம் டாலருக்குக் கிட்ட, முதல் இடத்துடையது 3.27 கோடிக்குக் கிட்ட.

அந்த விருப்பமும் இலவசமில்லை. லீகும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த 2020 ஒப்பந்தத்துக்குப் பிறகு, 2018 ஆண்டுக்காரர்களிலிருந்து தொடங்கி, விருப்பத்தைப் பயன்படுத்திய நொடியே முழுத் தொகையும் உத்தரவாதம். மூன்றாம் பருவம் முடிந்த மே மாதத் தொடக்கத்துக்குள், அதாவது நான்காம் பருவத்தைப் பார்க்காமலே, முடிவெடுக்க வேண்டும். கிளீவ்லாந்து மேஃபீல்டுக்கு 1.8858 கோடி டாலருக்கு 2021-இல் சரி என்றது. அந்தப் பருவத்தில்தான் தோள் போனது. 2022-இல் கரோலினாவுக்கு அனுப்பியபோது அந்தத் தொகையில் 1.05 கோடியைக் கிளீவ்லாந்தே சுமந்தது, மேஃபீல்ட் தன் பங்காக 35 லட்சத்தை விட்டுக்கொடுத்தார்.